லூமிக்கு ஒரு துயரச் சான்றிதழ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. இனிமேல் நான் அசல் கன்ட்ரி வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டப் போகிறேன். அதற்கு முழுத் தகுதியும் உள்ளவர்கள் அவர்கள். ஆனாலும் தப்பு என்னுடையது.

நான் அமெரிக்காவின் தெற்கே, நாஷ்வில்லில் பாட்டு எழுதிப் பிழைப்பவன். லாரி, நாய், மழை, பிரிவு என்று கிராமத்து மண்ணைப் பாடும் எங்கள் பாட்டுக்குத்தான் கன்ட்ரி என்று பெயர். பெயர் வெஸ்லி ஹட்சல். கேள்விப்பட்டதில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், யாருமே கேள்விப்பட்டதில்லை. இந்தக் கதை தொடங்கும்வரை, இருபத்தாறு வருடத்தில் ரேடியோவில் ஓடிய என் பாட்டுகள் நான்கு. நான்காவது ஓடிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

இந்த ஊரில் பாட்டு பிறப்பது காலை பதினோரு மணிக்கு. முன்பின் தெரியாத மூன்று பேரை ஓர் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். யாராவது ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்து நடுவில் போட வேண்டும். போட்ட மறுநிமிடம் அது மூவருக்கும் சொந்தம். முழுப் பாட்டையும் எழுதியவனுக்கும், ஓரமாக உட்கார்ந்து ஒரே ஒரு தரம் 'ம்' என்றவனுக்கும் பாட்டில் ஒரே பங்கு, எழுதியவர் என்ற ஒரே பெயர். அறையில் சொன்னதைத் திரும்ப எடுக்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை.

அன்றைக்கு அறையில் மூன்று பேர். நான், 'ம்' சொல்வதில் பேர்போன டக் ஃபேரல், அப்புறம் லூமி. ஆமாம், அதே லூமிதான். வெள்ளி உடையில் முப்பது பேர் பின்னால் ஆட, உலகத்தையே துள்ள வைத்த பெண். பாப் பாட்டை விட்டுவிட்டு கன்ட்ரிக்கு வருகிறேன் என்று அறிவித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. அவள் பழைய ஸ்வெட்டரும் ஸ்பைரல் நோட்டுமாக வந்து உட்கார்ந்தாள்.

"என் நிஜப் பேரு தெரேசா. அப்படியே கூப்பிடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பதினைஞ்சு வருஷமா என் பாட்டுக்கு எல்லாரும் ஆடுறாங்க. ஒருத்தராவது உக்காந்து கேட்டதில்ல" என்றாள்.

டக், "ம்" என்றான். அன்றைய பங்கை அத்தோடு சம்பாதித்துவிட்டான்.

அப்புறம் நாற்பது நிமிடம் ஒரு வரிகூடத் தேறவில்லை. நான் கொண்டு போயிருந்த இரண்டு யோசனைகளும் மழையைப் பற்றியவை, இரண்டும் ஊசிப் போனவை. பதினோரு வருடம் கழித்து இப்படி ஓர் அறை கிடைத்திருக்கிறது, இதையும் கோட்டை விட்டால் சொந்த ஊருக்கே போய்க் கார் கழுவ வேண்டியதுதான். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள இருக்கா..."

எனக்குத் தெரிந்த பொம்பளையாம்! என் கூடப்பிறந்த அக்கா ரோண்டா. அவள் புருஷன் ராய்ஸ் லாரி ஓட்டியவன். மான் கறி வைத்திருந்த ஃப்ரீசரை அவன் சரியாகச் சாத்தாமல் விட்டு, அத்தனையும் கெட்டுப் போய், ராத்திரி இருவருக்கும் பெரிய சண்டை. விடியற்காலையில் அவன் கிளம்பும்போது, காப்பி போட்டு அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, "ரோண்டி" என்று இரண்டு தரம் மெதுவாகக் கூப்பிட்டிருக்கிறான். அவள் விழித்துத்தான் இருந்தாள். வீம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தாள். அவன் போய்விட்டான். மாண்டீகிள் மலை இறக்கத்தில் பனியில் லாரி சறுக்கியது.

இதை அவள் பாதிரியாரிடம் சொல்லவில்லை, ராய்ஸின் அம்மாவிடம் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த அன்று சமையலறையில், என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் மட்டும் சொன்னாள். நான் அதை ஆறு வருடம் காப்பாற்றினேன். ஏழாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு, டக் ஃபேரலுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தெரேசா அழுதுவிட்டாள். நடிப்பில்லை, மூக்கெல்லாம் ஒழுகும் அழுகை. "அந்தம்மாகிட்ட கேட்டீங்களா? எழுதலாமா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றேன். நாக்கு எப்படித்தான் புரண்டதோ! ஒன்றரை மணிக்குப் பாட்டு முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் தொட்டதிலேயே நல்ல பாட்டு அதுதான். அது வேறு வயிற்றெரிச்சல்.

இனி வாரியம். அசல் கன்ட்ரி வாரியத்தின் முத்திரை இல்லாத பாட்டைத் தெற்கே எந்த ரேடியோ நிலையமும் போடாது. பாப்பிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி விசாரணை உண்டு. தலைவர் கார்ல்டன் ஸ்பைவி எங்களை உட்கார வைத்து வரவேற்புரை ஆற்றினார். அவர் அப்பா வடக்கே பாஸ்டனில் பல் டாக்டர். அந்தத் தெற்கத்தி இழுவைப் பேச்சை அவர் ஒரு டீச்சர் வைத்துக் கற்றுக்கொண்டதாக ஊரில் பேச்சு.

"பாரும்மா, கன்ட்ரி எல்லாருக்கும் பொது. யார் வேணாலும் உள்ள வரலாம். ஏற்கெனவே உள்ள இருந்திருக்கணும், அவ்வளவுதான். நாங்க கேக்கறது அசல். அசல்னா என்னன்னு முப்பத்திரெண்டு பக்கத்துல அச்சடிச்சு வச்சிருக்கோம். நான் இந்தப் பதவிக்கு வந்ததுக்கப்புறம் அசலோட தரம் எவ்வளவோ கூடியிருக்கு. எங்க தாத்தா காலத்துல இருந்ததைவிட இப்பதான் ரொம்ப அசலா இருக்கு."

முதலில் பிறப்பிடம். தெரேசா வடக்கே நூவர்க் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் பிறந்தவள். "எந்த மாடி?" என்றார்கள். பதினான்காம் மாடி. "மண்ணிலிருந்து தூரம்: பதினான்கு மாடி" என்று ஒருவர் எழுதிக்கொண்டார். செல்லப்பிராணி? பூனை. வாரியத்தின் படிவத்தில் பூனைக்குக் கட்டம் கிடையாது. கால் மணி நேரம் கூடிப் பேசி, "நாய், தற்காலிகம்" என்று பதிந்தார்கள். பூட்ஸைக் கழற்றச் சொல்லி, அடியிலிருந்த சேற்றைச் சுரண்டிக் கவரில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சேறு எங்கள் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் தோட்டக் கடையில் மூட்டையில் விற்கிற சேறு என்று முடிவு வந்தது. தொப்பித் துணைக்குழு அவள் தொப்பியைக் கையில் வாங்கி ஆளுக்கொரு தரம் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தது. புதுத் தொப்பி என்று அடுத்த வாரமும் வரச் சொல்லி மறுபடி உட்கார்ந்தார்கள்.

அவள் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. "என் பாட்டைக் கேப்பாங்களா வெஸ்?" என்று மட்டும் வாசலில் கேட்டாள்.

கேட்டார்கள். ஐந்து பேர் கொண்ட உணர்ச்சிக் குழு வரிசையாக உட்கார்ந்தது. ஆளுக்கு ஐந்து டிஷ்யூ தாள், முன்கூட்டியே தராசில் நிறுத்து வைத்தது. அவள் கிட்டாரோடு நின்று பாடினாள். வெள்ளி உடை இல்லை, முப்பது பேர் இல்லை. காப்பி ஆறுவதையும் லாரிச் சத்தம் தேய்வதையும் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெண் மட்டும் அந்த அறையில் இருந்தாள். நனைந்த தாள்களை வாங்கி மறுபடி நிறுத்தார்கள். பதினோரு கிராம். தேர்ச்சிக்கு ஏழு போதும். மூன்றாம் நாற்காலிக்காரர் மட்டும் நாலு கிராம் அழுதிருந்தார். அவர் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்து, இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

நான் ஓரத்தில் நின்றேன். ஒவ்வொரு தாள் தராசில் விழும்போதும் என் அக்காவை எடைக்குப் போடுகிற மாதிரி இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பதினோரு கிராம் என்றதும் எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும், வெட்கங்கெட்டவன் நான்.

ஸ்பைவி தொண்டையைக் கனைத்தார். "அருமை. குடும்ப நெறிக் குழுவுக்கு ஒரே ஒரு சின்னத் திருத்தம். புருஷன் வேலைக்குக் கிளம்பறான், பொண்டாட்டி தூங்கற மாதிரி நடிக்கறாளா? கன்ட்ரிப் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா. எந்திரிச்சிருவா."

"அவங்க எந்திரிக்கல சார்" என்றாள் தெரேசா. "அதான் பாட்டே."

"எந்திரிச்சாத்தாம்மா பாட்டு. ஓடிப் போய் வாசல்ல நிக்கறா. அதுக்கப்புறம் அவன் செத்தா, ஜனங்க நிம்மதியா அழுவாங்க. இல்லேன்னா அவங்கவங்க வீட்டு ஞாபகம் வந்துரும். எங்க நேயர்கள் அதுக்கா ரேடியோ போடறாங்க? எங்களுக்கு உண்மைதான் உசுரு. அதனால அந்த இடத்தை மாத்திக் குடுத்துருங்க."

தெரேசா முடியாது என்றுவிட்டாள். வராந்தாவில் வைத்து நான்தான் அவளைக் கரைத்தேன். ஒரே ஒரு வரிதானே, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறதே, இந்த முத்திரை இல்லாவிட்டால் யார் காதுக்குமே போகாதே என்று ஏதேதோ சொன்னேன். சொல்லிவிட்டு முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினேன்: அவன் இரண்டாம் தரம் கூப்பிடுமுன் அவள் எழுந்து ஓடினாள். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அக்காவால் ஏழு வருடமாக எழ முடியாத படுக்கையிலிருந்து, நான் நாலு நிமிடத்தில் எழுப்பிவிட்டேன்.

தற்காலிக முத்திரை கிடைத்தது. பாட்டு ரேடியோவில் ஏறியது. பெட்ரோல் பங்கில், சலூனில், பல் டாக்டரிடம், எங்கே போனாலும் அதுதான். நான் அக்காவுக்கு மூன்று தரம் ஃபோன் செய்தேன். மூன்று தரமும் மழை வருமா என்று பேசிவிட்டு வைத்தேன். அவள் டிரை கிரீக் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே காலை ஆறிலிருந்து ரேடியோ ஓடும். அவளும் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பாடகிக்குச் சொந்தத் துயரம் போதவில்லை என்பதால், விதி பதினெட்டின்படி, துயரத்தின் மூலநபரை நேரில் ஆய்வு செய்தாக வேண்டும். மூலநபர் யார், முகவரி என்ன, ஏழு நாளில் தெரிவிக்கவும். தெரிவித்தேன். துயர ஆய்வாளர் பெர்னிஸ் கிரம்ப் என்ற அம்மாளை என் காரிலேயே ஏற்றிக்கொண்டு டிரை கிரீக் போனேன். வழியெல்லாம் அந்த அம்மாள், போன மாதம் பார்த்த விதவை ஒருத்தி முறைப்படி துக்கப்படவில்லை என்று குறைபட்டுக்கொண்டே வந்தாள்.

அக்கா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், கிரம்ப் அம்மாளின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"வா" என்றாள். "கால்ல இருக்கிற சேத்தைத் துடைச்சிட்டு வா."

உள்ளே லூமியின் பழைய ஆட்டப் பாட்டு ஒன்று சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. துடைப்பம் சுவரோரம் சாய்ந்திருந்தது. கிரம்ப் அம்மாள் முகம் சுருங்கியது.

"இந்த மாதிரி பாட்டெல்லாம் கேப்பீங்களா?"

"ராய்ஸ் போனப்புறம் ரெண்டு வருஷம் இதான் கேட்டேன். சோகப் பாட்டு கேக்க முடியல. இதைப் போட்டு வீட்டைத் தொடைப்பேன். தொடைச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு நாள் போயிரும்."

"அசலான துயரத்துல இதுக்கு இடமில்ல" என்று கிரம்ப் அம்மாள் இரண்டு மதிப்பெண் குறைத்தாள். வீட்டில் தூசி இல்லை என்று மேலும் ஒன்று. வாசல் பக்கம் ஆடும் நாற்காலி இருக்கிறது என்று ஒன்று கூட்டினாள். "நீங்க இப்ப அழுவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அக்கா, "வேணாம், பரவாயில்ல" என்றாள்.

"அக்கா, நான் உன்கிட்ட..."

"ஆறு வாரமா கேட்டுக்கிட்டிருக்கேன்டா. முதல் நாள் கேரட் வெட்டிக்கிட்டிருந்தேன். ஃப்ரீசர்னு வந்ததுமே தெரிஞ்சிருச்சு. எங்க வீட்டுல மட்டும்தான் மான் கறிக்காக ஒருத்தன் பொண்டாட்டியோட பேச்சு இல்லாம செத்துருக்கான்."

"என்னைத் திட்டு. நாலு அறை அறை."

"அப்புறம் பாத்துக்கலாம். அந்தம்மா காத்துக்கிட்டிருக்காங்க பாரு."

கிரம்ப் அம்மாள் படிவத்தை வாசித்தாள்: "கீழே கையொப்பமிடும் ரோண்டா மேரி பிரீஸ் ஆகிய நான், மேற்படி பாடலில் கண்ட சம்பவம், கணவர் கூப்பிட்டதும் மனைவி எழுந்து ஓடி வாசலில் நின்று வழியனுப்பியது உட்பட, என் வாழ்க்கையில் நடந்த உண்மை என்று உறுதி கூறுகிறேன்."

அக்கா கிழித்து எறிவாள், எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள், அப்படியாவது ஆகட்டும் என்று நின்றேன்.

அக்கா படிவத்தை வாங்கித் தானே ஒரு தரம் படித்தாள். "இதுல கையெழுத்துப் போட்டா, நான் எந்திரிச்சேன்னு ஆயிருமா?"

"ஆமா மேடம். வாரியத்தைப் பொறுத்தவரை எந்திரிச்சதுதான். சீல் அடிச்சிட்டா எங்க தலைவரே வந்தாலும் மாத்த முடியாது."

அக்கா கையெழுத்துப் போட்டாள். கோணல் மாணலில்லாமல், நிதானமாக. கிரம்ப் அம்மாள் முத்திரை அடித்தாள். அக்கா கேட்டாள், "இதுல எனக்கு ஒரு நகல் கிடைக்குமா?"

சான்றிதழ் வழங்கும் விழா சனிக்கிழமை மதியம். மூலநபருக்கு மூன்றாம் வரிசையில் நாற்காலி. அக்கா சர்ச்சுக்குப் போகும் நீலக் கவுனில் வந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் தெரேசா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவங்க உங்க அக்காவாமே? எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். என்ன மனுஷன் நீங்க? நான் பழைய வரியத்தான் பாடப்போறேன். சான்றிதழ் போனாப் போகுது. அவங்க முன்னாடி பொய் சொல்ல மாட்டேன்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் காலில் விழுந்திருப்பேன். இந்த ஊரில் நான் பார்த்தவர்களிலேயே நேர்மையான கன்ட்ரிக்காரி அவள்தான். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வேணாம் தெரேசா. எந்திரிச்சு ஓடற வரியவே பாடு."

"இன்னுமா வாரியத்துக்குப் பயம்?"

"வாரியம் நாசமாப் போகட்டும். அக்கா அந்தத் தாளோட நகல மடிச்சு பர்ஸ்ல வச்சிருக்கா. கார்ல வரும்போது நாலு தரம் எடுத்துப் பாத்தா."

தெரேசா என் சட்டையை விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

ஸ்பைவி உரையாற்றினார். "இன்னைக்கு ஒரு பாப் பாடகி எப்படி உண்மையக் கண்டுபிடிச்சாங்கன்னு நாம பாக்கறோம். நாங்க குடுத்த உண்மைய அவங்க மறுக்காம ஏத்துக்கிட்டாங்க. துயரம் எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா அதுக்கு ஒரு ஒழுங்கைக் குடுக்கறது வாரியம்தான்." பலத்த கைதட்டல். தெரேசா பாடினாள். எழுந்து ஓடும் இடம் வந்தபோது அவள் கண் மூன்றாம் வரிசையை விட்டு நகரவில்லை. அரங்கமே விம்மியது. நிறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. என் அக்கா மட்டும் அழவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, இப்போது என்ன நடக்கப் போகிறது என்று தெரியாதவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத் திராணி இல்லை. அவள் ரகசியத்தைத் திருடியது ஒரு பாவம். திருடியதை மாற்றி, ஒரு பொய்யை அவள் கையில் கொடுத்து, அதை அவள் ஆசையோடு வாங்கிக்கொள்ளும்படி செய்தேனே, அதற்கு என்ன பெயர் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

நாற்பதாம் நெடுஞ்சாலையில் கிழக்கே அவளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வெயில் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. லெபனான் என்ற ஊரைத் தாண்டினோம். நான் ரேடியோவைப் போடவில்லை.

"நல்லா பாடுது அந்தப் பொண்ணு" என்றாள். "மனசு வச்சுப் பாடுது."

"ம்" என்றேன்.

"வெஸ்."

"சொல்லுக்கா."

"எந்திரிச்சு ஓடிப் போய் வாசல்ல நிக்கறால்ல. நின்னு அவன்கிட்ட என்ன சொன்னா? அது பாட்டுல இல்லையே."

வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தேன். இருபத்தாறு வருடம், நானூறு பாட்டு. காதலிக்கு, குதிரைக்கு, கொடிக்கு, பீருக்கு எத்தனை வரிகள் எழுதியிருக்கிறேன்! ஒன்றும் வரவில்லை. பாவி, ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீதான எழுதுன? உனக்குத் தெரியாம யாருக்குடா தெரியும்? யோசிச்சுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."